ஊரார் ஒதுக்கிய பிள்ளைகள் கட்டிய பள்ளிக்கூடம்

1936-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம்.

அமெரிக்காவில், காலிபோர்னியா மாநிலத்தின் எல்லை. சாலையின் குறுக்கே போலீசார் நிற்கிறார்கள்.

தூரத்தில் ஒரு பழைய மோட்டார் கார் வருகிறது. அதன் கூரைமேல் மெத்தை கட்டியிருக்கிறது. பின்னால் வாளியும் சட்டியும் நாற்காலியும் தொங்குகின்றன. உள்ளே தாய், தகப்பன், பாட்டி, நாலைந்து பிள்ளைகள். எல்லோர் மேலும் புழுதி.

போலீசார் கையைக் காட்டி நிறுத்துகிறார்கள். கையில் பணம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வேலை நிச்சயமாகி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்றால், வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்!

இப்படி வந்த குடும்பங்கள் வேறு நாட்டிலிருந்து வந்தவை அல்ல. அவர்களும் அமெரிக்கர்கள்தான். போலீசார் பேசிய மொழிதான் அவர்களுடைய மொழி. நிறமும் ஒன்று. நாடும் ஒன்று. மாநிலம் மட்டும் வேறு!

லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் என்பவர் செய்த ஏற்பாடு இது. தம் நகரத்துக்கு வெகு தொலைவில் உள்ள மாநில எல்லைகளுக்கு, நூற்றுக்கு மேற்பட்ட போலீசாரை அவர் அனுப்பிவைத்தார். ஏழைகள் உள்ளே வராதபடி தடுப்பதுதான் அவர்களுக்கு இட்ட வேலை.

பல பக்கமும் கண்டனம் எழுந்தது. சில வாரங்களில் அந்தக் காவல் நின்றது. ஆனால் எல்லையைத் தாண்டி வந்தவர்களை ஊர் ஏற்றுக்கொண்டதா?

இல்லை. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதிலே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிள்ளைகளே செங்கல் அடுக்கிக் கட்டிய பள்ளிக்கூடம் அது!

பகலில் இருட்டு

இவர்கள் ஏன் சொந்த ஊரை விட்டு வந்தார்கள்?

அமெரிக்காவின் நடுவில் பெரிய சமவெளி இருக்கிறது. ஒக்லகோமா, டெக்சாஸ், கான்சாஸ் முதலிய மாநிலங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு காலத்தில் அந்தச் சமவெளி முழுவதும் புல். அந்தப் புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. விவசாயிகள் புல்லை உழுது தள்ளினார்கள். டிராக்டர் வந்தபிறகு இன்னும் வேகமாக உழுதார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை!

1929-க்குப் பிறகு விலை விழுந்தது. 1931 முதல் மழையும் பொய்த்தது. பயிர் கருகியது. புல்லும் இல்லை, பயிரும் இல்லை. மண் வெறும் மண்ணாகக் கிடந்தது. காற்று அடித்தது. மண் எழுந்து பறந்தது.

1934 மே மாதம் கிளம்பிய ஒரு புழுதிப் புயல், ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள நியூயார்க் நகரத்தில் போய்க் கொட்டியது. அட்லாண்டிக் கடலில் போன கப்பல்களின் மேல்தளத்திலும் புழுதி படிந்தது.

1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த புயலில் பகலே இருண்டுவிட்டது. கையை நீட்டினால் கை தெரியவில்லை. உலகம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். அந்த நாளுக்கு, “கறுப்பு ஞாயிறு” என்று பெயர் வந்துவிட்டது.

வீட்டு ஜன்னல்களில் ஈரத் துணியைத் தொங்கவிட்டார்கள். அப்படியும் புழுதி உள்ளே வந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்து, சாப்பிடும்போதுதான் நிமிர்த்துவார்கள். குழந்தைகளுக்கு நெஞ்சில் புழுதி சேர்ந்து காய்ச்சல் கண்டது. பல குழந்தைகள் இறந்தன.

புழுதி அவ்வளவு இல்லாத இடங்களிலும் தொல்லை இருந்தது. அங்கே பருத்தி பயிரிட்டவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். பருத்தி விலை பாதாளத்துக்குப் போனது. விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக, பயிரிடும் பரப்பைக் குறைக்கும்படி 1933-ல் அரசாங்கம் சொன்னது. குறைத்தவர்களுக்குப் பணமும் கொடுத்தது. நிலத்துக்காரர்களில் பலர் பணத்தை வாங்கிக்கொண்டு குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். அந்தப் பணத்தில் டிராக்டர் வாங்கியவர்களும் உண்டு!

ஆக, மழை ஒரு பக்கம் கைவிட்டது. விலை ஒரு பக்கம் கைவிட்டது. யந்திரம் ஒரு பக்கம் துரத்தியது. குடும்பங்கள் மூட்டை கட்டின.

மேற்கே போனால் வேலை

காலிபோர்னியாவில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டார்கள். திராட்சை, ஆரஞ்சு, பருத்தி, உருளைக்கிழங்கு எல்லாம் அங்கே ஏராளமாக விளைகின்றன. ஆள் தேவை என்று துண்டு அறிக்கைகளும் வந்தன. பெரும்பாலோர் புறப்பட்டார்கள், “66-ம் எண் சாலை” என்ற நெடுஞ்சாலை வழியாக.

ஆயிரம் மைலுக்கு மேல் பயணம். நடுவில் மலை, பிறகு பாலைவனம். கார் நின்றுபோனால் இறங்கித் தள்ளுவார்கள். சக்கரம் வெடித்தால் ஒட்டுப் போடுவார்கள். பெட்ரோலுக்குப் பணம் இல்லாவிட்டால் வழியில் இறங்கி, நாலு நாள் கூலி வேலை செய்துவிட்டு மறுபடியும் கிளம்புவார்கள்.

1930-க்கும் 1940-க்கும் இடையில் இப்படிக் காலிபோர்னியாவுக்குப் போனவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல்.

அவர்களில் ஏராளமானவர்கள் கெர்ன் என்ற மாவட்டத்தில் இறங்கினார்கள். 1930-ல் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 82 ஆயிரம். 1940-ல் அது 1 லட்சத்து 35 ஆயிரம்!

“ஓக்கி!”

ஒக்லகோமாவிலிருந்து வந்தவர்களை, “ஓக்கி” என்று ஊரார் கூப்பிட்டார்கள். முதலில் அது வெறும் ஊர்ப்பெயர்தான். சில நாளில் அது வசைச்சொல் ஆகிவிட்டது. டெக்சாஸிலிருந்து வந்தவனும் ஓக்கி. ஆர்க்கன்சாஸிலிருந்து வந்தவனும் ஓக்கி. கிழிந்த சட்டை போட்டிருந்தால் ஓக்கி!

இவர்கள் பேசியதும் ஆங்கிலம்தான். ஆனால் இழுத்துப் பேசுவார்கள். நம் ஊரில் திருநெல்வேலிப் பேச்சு ஒரு மாதிரி, கோயம்புத்தூர்ப் பேச்சு ஒரு மாதிரி இல்லையா? அதுபோலத்தான். ஆனால் அங்கே, வாயைத் திறந்ததும் சிரித்தார்கள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில சினிமாக் கொட்டகைகளில் நீக்ரோக்களையும் ஓக்கிகளையும் மாடிக்குப் போகச் சொன்னார்கள்.

குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. வாய்க்கால் கரையில் கூடாரம் போட்டார்கள். கூடாரத்துக்கும் வழியில்லாதவர்கள் அட்டையையும் தகரத்தையும் சாக்கையும் வைத்துக் குடிசை கட்டினார்கள். அந்த வாய்க்கால் தண்ணீர்தான் குடிக்க, அதுவேதான் குளிக்க.

ஊரார் எல்லோரும் கெட்டவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கும் பயம் இருந்தது. ஊரிலே வேலை குறைவு. ஆள் கூடினால் கூலி இறங்கும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நிரம்பி வழிந்தன. அந்தச் செலவெல்லாம் நம் தலையில்தானே வரியாக விழும் என்று கணக்குப் போட்டார்கள்.

பெரிய தோட்டக்காரர்களுடைய கணக்கு வேறு. அறுவடைக்கு அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். ஆள் அதிகமாக வந்தால் கூலியைக் குறைக்கலாம். 1939-ல் நூறு பவுண்டு பருத்தி எடுத்தால் 80 சென்ட் கூலி என்றார்கள். ஒரு டாலர்கூட இல்லை! அறுவடை முடிந்ததும் அந்த ஆட்கள் எங்கேயாவது போய்விட வேண்டும். அவர்களுடைய உழைப்பு வேண்டும், அவர்களுடைய குடும்பம் வேண்டாம்!

களைக்காட்டு முகாம்

இந்தக் கஷ்டத்தைப் பார்த்து, மத்திய அரசாங்கம் சில முகாம்களை அமைத்தது. கெர்ன் மாவட்டத்தில் ஆர்வின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முகாம் வந்தது. அந்த இடத்துக்கு, “வீட்பேட்ச்” என்று பெயர். களை மண்டிய இடம் என்று அர்த்தம்.

பெயர்தான் களைக்காடு. அங்கே நல்ல தண்ணீர் இருந்தது. கழிப்பிடம் இருந்தது. குளிக்க வெந்நீர் இருந்தது. துணி துவைக்க இடம் இருந்தது. பல மாதம் வாய்க்கால் கரையில் கிடந்தவர்களுக்கு அது சொர்க்கம்!

முகாமின் மானேஜர் டாம் காலின்ஸ். அவர் அதிகாரம் செய்யவில்லை. முகாமில் இருப்பவர்களே ஓட்டுப் போட்டுக் கமிட்டி அமைக்கும்படி செய்தார். யார் எப்போது கூட்டுவது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது எல்லாம் கமிட்டியின் பொறுப்பு. சனிக்கிழமை இரவு பாட்டும் கூத்தும் நடக்கும்.

ஜான் ஸ்டைன்பெக் என்ற எழுத்தாளர் இந்த முகாமுக்கு வந்து காலின்சிடம் பல விவரங்களைக் கேட்டு அறிந்தார். 1939-ல், “தி கிரேப்ஸ் ஆப் ராத்” என்ற நாவலை வெளியிட்டார். நாடு முழுவதும் அதைப் படித்தது. ஆனால் கெர்ன் மாவட்ட நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அந்த நாவலைத் தன் பள்ளிக்கூடங்களிலும் நூல்நிலையங்களிலும் வைக்கக்கூடாது என்று தடை போட்டது. 1941-ல்தான் தடை நீங்கியது.

முகாமில் வெந்நீர் கிடைத்தது, மரியாதை கிடைத்தது. ஆனால் முகாமின் வாசலைத் தாண்டி வெளியே போனால், மறுபடியும் ஓக்கிதான். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளால் முடியவில்லை.

கடைசி வரிசைக்கும் பின்னால்

பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். காலில் செருப்பு இல்லை. சட்டையில் ஒட்டு. வயிற்றில் சரியான சாப்பாடு இல்லை.

மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். சில வகுப்புகளில் இவர்களுக்கு நாற்காலி கிடையாது. கடைசி வரிசைக்கும் பின்னால், தரையில் உட்கார வேண்டும். பயிர் அறுவடைக்குத் தகுந்தபடி ஊர் ஊராகப் போனதால் பல பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரவில்லை. படிப்பு விட்டுப்போனதை, மூளை இல்லாதது என்று சில ஆசிரியர்கள் நினைத்துவிட்டார்கள்.

இவர்கள் நம் பிள்ளைகளோடு உட்காரக் கூடாது என்று பெற்றோர் சிலர் கிளர்ச்சி செய்தார்கள்.

மைதானத்துக்கு வந்த அதிகாரி

1939-ல் கெர்ன் மாவட்டக் கல்வி அதிகாரியைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடந்தது. அங்கே அந்தப் பதவிக்கு ஓட்டுப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். லியோ ஹார்ட் என்பவர் வெற்றி பெற்றார்.

வீட்பேட்ச் முகாமுக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். முகாம் பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள். ஹார்ட் அங்கே போனார். பிள்ளைகளோடு விளையாடினார். பேச்சுக் கொடுத்தார். எதிர்காலத்தில் என்ன ஆக வேண்டும் என்று கேட்டார்.

பேசப் பேச அவருக்கு ஒன்று விளங்கியது. இந்தப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளைப் போன்றவர்களே. புத்தியில் குறைவு இல்லை. நாம் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் மட்டும் அவர்கள் மனத்தில் புகுந்துவிட்டது. அதைப் புகுத்தியது பள்ளிக்கூடம்!

ஊர்ப் பள்ளிக்கூடங்களைத் திருத்திப் பார்க்க முயன்றார். முடியவில்லை. எனவே ஒரு முடிவுக்கு வந்தார். இவர்களுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் தொடங்குவது!

1940-ல் ஊர்ப் பள்ளி நிர்வாகிகளிடம் அனுமதி கேட்டார். அவர்கள் உடனே சம்மதித்தார்கள். காரணம், ஹார்ட் மேல் இருந்த அன்பு அல்ல. ஓக்கிப் பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தொலைந்தால் போதும் என்ற ஆசைதான்!

ஊரார் ஒதுக்குவதற்காகத் திறந்துவிட்ட வழியையே, முன்னேறும் வழியாக ஹார்ட் மாற்றிக்கொண்டார்.

கூரையும் இல்லை, குழாயும் இல்லை

முகாமை ஒட்டிய நிலத்தை அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்தார். அங்கே இருந்தவை உபயோகத்துக்கு லாயக்கில்லாத இரண்டு பழைய கட்டடங்கள். தண்ணீர் இல்லை. கழிப்பிடம் இல்லை. புத்தகம் இல்லை. பெஞ்சு இல்லை. முதலில் வந்த பிள்ளைகள் சுமார் 50 பேர். அவர்களுக்கும் நம்பிக்கை இல்லை!

கையில் பணமும் இல்லை. ஹார்ட் ஊர் ஊராகப் போய்க் கேட்டார். பழைய பலகை, ஆணி, பெயின்ட், விதை, எது கொடுத்தாலும் வாங்கினார். இளைஞர்களுக்கு வேலை தருவதற்காக மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய ஒரு நிறுவனம், 25 ஆயிரம் செங்கல் கொடுத்தது. ஒரு பெரிய கம்பெனி, ஆடுகளைக் கொடுத்தது. வாங்கிய பொருளை லாரியில் ஏற்றி வருவார்.

ஆசிரியர்களையும் தேடித் தேடிப் பிடித்தார். அவர்களுடைய பட்டத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளைகளிடம் அன்பு இருக்கிறதா, கையில் ஒரு தொழில் இருக்கிறதா என்று பார்த்தார். அப்படி எட்டுப் பேர் வந்தார்கள்.

1940 செப்டம்பரில் வேலை தொடங்கியது. ஆசிரியர்களும் பிள்ளைகளும் சேர்ந்து அஸ்திவாரம் தோண்டினார்கள். சேர்ந்து செங்கல் அடுக்கினார்கள். குழாய் போட்டார்கள். மின்சாரக் கம்பி இழுத்தார்கள். பழைய மரப்பெட்டிகளை உடைத்து நாற்காலியும் மேஜையும் செய்தார்கள்.

இது படிப்பா, கூலி வேலையா என்று நீங்கள் கேட்கலாம். படிப்புத்தான்! காலையில் புத்தகம், கணக்கு. பிறகு அந்தக் கணக்கையே சுவரில் போட்டுப் பார்ப்பது. பத்து அடிச் சுவருக்கு எத்தனை செங்கல்? கூரை சாய்வுக்கு எத்தனை அடி மரம்? தப்பாகப் போட்டால் சுவர் கோணிக்கொள்ளும். ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை!

தச்சு வேலை, கொத்து வேலை, மின்சார வேலை, குழாய் வேலை எல்லாம் பாடங்கள். தட்டெழுத்தும் உண்டு. ரசாயன வகுப்பில் பெண் பிள்ளைகள் முகத்துக்குப் பூசும் கிரீமும் உதட்டுச் சாயமும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நிலத்தில் உருளைக்கிழங்கு, தக்காளி, காரட் பயிரிட்டார்கள். மாடு, பன்றி, ஆடு வளர்த்தார்கள். அவர்கள் விளைவித்ததே மதியச் சாப்பாடாக அவர்கள் தட்டில் வந்தது. பசியோடு பள்ளிக்கூடம் வந்த பிள்ளை, வயிறு நிறைந்து வீடு திரும்பியது.

குளமும் விமானமும்

வெயில் கொளுத்தும் ஊர் அது. நீச்சல் குளம் வெட்டலாம் என்று தீர்மானம் ஆயிற்று. யார் வெட்டுவது? பிள்ளைகள்தான்!

கணக்குப் பாடத்தை முடித்தவனுக்குத்தான் மண்வெட்டி. குழி வெட்டுவது தண்டனை அல்ல, பரிசு! பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கணக்கை முடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழி ஆழமாயிற்று. கடைசியில் சிமென்ட் பூசித் தண்ணீர் நிரப்பினார்கள். அந்த மாவட்டத்திலேயே முதல் பொது நீச்சல் குளம் அதுதான் என்று சொல்வார்கள்.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு விமானமே வந்துவிட்டது! ராணுவம் கழித்துவிட்ட பழைய விமானம். அதன் யந்திரத்தைப் பிரித்துப் பூட்டப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால், அதை ஓடுபாதையில் ஓட்டிப் பார்க்கலாம். பறக்க அனுமதி இல்லை, தரையில் ஓட்டத்தான் அனுமதி. அதற்கே பிள்ளைகள் இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்!

ஊர்ப் பிள்ளைகளும் வந்தார்கள்

இப்போது ஊரார் எட்டிப் பார்த்தார்கள்.

ஓக்கிப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம். ஓக்கிப் பிள்ளைகளுக்கு விமானம். ஓக்கிப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்கள். நம் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே?

யாரை நம் பிள்ளைகளோடு உட்காரக்கூடாது என்று விரட்டினார்களோ, அவர்களோடு தங்கள் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். பள்ளிக்கூடம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஊர்ப் பிள்ளையும் முகாம் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரே குளத்தில் குதித்தார்கள்.

1944-ல், இனி இது தனிப் பள்ளிக்கூடம் அல்ல என்று முடிவாயிற்று. மற்றப் பள்ளிக்கூடங்களைப் போல ஊர் நிர்வாகத்தோடு சேர்ந்துவிட்டது.

அங்கே படித்தவர்கள் பிற்காலத்தில் ஆசிரியர்களாக ஆனார்கள். கடை முதலாளிகளாக ஆனார்கள். அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள்.

சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு

இதற்கிடையே வேறொரு கதவும் திறந்தது.

காலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருந்தது. வெளிமாநிலத்து ஏழை ஒருவரைத் தெரிந்தே உள்ளே அழைத்து வந்தால், அழைத்து வந்தவருக்குத் தண்டனை!

அங்கே குடியிருந்த எட்வர்ட்ஸ் என்பவர், தன் மனைவியின் சகோதரனை டெக்சாஸிலிருந்து அழைத்துவரப் போனார். 1940 தொடக்கத்தில் தன் காரிலேயே கூட்டிவந்தார். மைத்துனனிடம் பணம் இல்லை, வேலையும் இல்லை. எட்வர்ட்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள். ஆறு மாத ஜெயில் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள்.

வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனது. 1941 நவம்பர் 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று எல்லா நீதிபதிகளும் ஒரே முடிவாகக் கூறினார்கள். ஏழை என்பதற்காக ஒருவரை எல்லையில் தடுக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை இல்லை. ஒரு நாட்டின் குடிமகன் அந்த நாட்டுக்குள் எங்கும் போகலாம், அது அவன் உரிமை என்று நீதிபதிகளில் சிலர் தனியாகவும் எழுதினார்கள்.

பெரிய தீர்ப்புத்தான். ஆனால் அது எல்லையை மட்டுமே திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு பேச வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது.

அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. கப்பல் கட்ட ஆள் வேண்டும். விமானம் செய்ய ஆள் வேண்டும். நேற்று வரை வேண்டாதவர்கள் இன்று தேவைப்பட்டார்கள்! முகாமில் இருந்தவர்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். நல்ல சம்பளம் கிடைத்தது. சின்னதாக வீடு வாங்கினார்கள். வேலி கட்டினார்கள். பூச்செடி வைத்தார்கள்.

வசைப்பெயர் பெருமைப்பெயர் ஆயிற்று

கெர்ன் மாவட்டத்தின் தலைநகரம் பேக்கர்ஸ்பீல்டு. அதற்குப் பக்கத்தில், பழைய ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றி ஒரு ஒக்லகோமாக் குடும்பம் குடியிருந்தது. 1937-ல் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் மெர்ல் ஹேக்கார்டு.

அந்தப் பையன் வளர்ந்து பெரிய பாடகரானார். ஒக்லகோமாக்காரர்கள் கொண்டுவந்த கிராமியப் பாட்டு பேக்கர்ஸ்பீல்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1969-ல் ஹேக்கார்டு ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே, “ஓக்கி” என்ற சொல்லை வைத்தார்! நாடு முழுவதும் அதைப் பாடியது.

தகப்பனைக் குனியவைத்த சொல்லை, மகன் நிமிர்ந்து நின்று பாடினான். முப்பது ஆண்டுகளில் ஒரு சொல் இப்படி மாறிவிட்டது!

அடுத்து வந்தவர்கள்

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஓக்கிகள் வருவதற்கு முன்பே, அந்தத் தோட்டங்களில் மெக்சிகோக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் ஜப்பானியரும் வேலை செய்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் மெக்சிகோக்காரர்கள் பலரை ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பிறகு போருக்கு ஆள் போனதும், 1942-ல் மெக்சிகோவிலிருந்தே மறுபடியும் ஆட்களைக் கூப்பிட்டார்கள்!

ஓக்கிகள் காலி செய்த கூடாரங்களிலும் குடிசைகளிலும் அவர்கள் வந்து தங்கினார்கள். அதே வெயில். அதே குறைந்த கூலி. அதே கேலி.

ஓக்கிகளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவர்கள் வெள்ளையர்கள். சட்டை மாற்றி, பேச்சு மாற்றினால் கூட்டத்தோடு கலந்துவிடலாம். தோலின் நிறத்தை மாற்ற முடியுமா? ஆகவே பின்னால் வந்தவர்கள் இன்னும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1965-ல் அதே கெர்ன் மாவட்டத்தில், டிலானோ என்ற ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முதலில் பிலிப்பைன்ஸ்காரர்கள் இறங்கினார்கள். சில நாளில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோக்காரர்கள் சேர்ந்தார்கள். ஐந்து ஆண்டு போராடித்தான் 1970-ல் பெரிய தோட்டக்காரர்களிடம் ஒப்பந்தம் பெற்றார்கள்.

ஒரு காலத்தில் வாய்க்கால் கரையில் கிடந்தவர்களின் பிள்ளைகள் அப்போது அந்த மாவட்டத்தின் பழைய குடிகள் ஆகிவிட்டார்கள். புதிதாக வந்தவரைப் பார்த்து அவர்களில் எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத்தான் தெரியும்.

நம் வீட்டிலும் பார்க்கிறோம். பிழைப்புக்காக ஒரு பிள்ளை பம்பாய்க்குப் போகிறான். ஒருவன் பெங்களூருக்குப் போகிறான். அங்கே அவனை நல்லபடியாக நடத்த வேண்டும் என்று தாய் சாமியை வேண்டிக்கொள்கிறாள். அதே தெருவில், வடக்கேயிருந்து வந்த ஒரு பையன் ஓட்டலில் தட்டுக் கழுவுகிறான். அவனுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருக்கிறாள். அவளும் ஒரு சாமியை வேண்டிக்கொண்டுதான் இருப்பாள்.

லியோ ஹார்ட் பெரிய தத்துவம் எதையும் பேசவில்லை. முதலில் அவர் செய்தது ஒரே காரியம். மைதானத்துக்குப் போனார். ஓக்கி என்று கூப்பிடாமல், பிள்ளைகளிடம் பேரைக் கேட்டு, பேச்சுக் கொடுத்தார்.

அதற்கு ஒரு காசும் செலவாகவில்லை!